பிடிக்குது என்றார்

என் வீட்டுக்காரர் ஒரு நாள் காலை ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். கெலவரப்பள்ளி பக்கம் வாய்க்கால் கரையில் நடந்துவிட்டு வந்தவர், இடது காலில் ரப்பர் செருப்பு, வலது கால் வெறுங்கால். வாசலில் நின்று எதிர்வீட்டு அம்மாவிடம் தண்ணீர் வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ்.

"ஏமண்ணா, இன்னொரு செருப்பை யாருக்குத் தானம் பண்ணிட்டு வர்ற?" என்று அவள் கேட்டபிறகுதான் அவர் குனிந்து பார்த்தார்.

லைன் வீடுகளில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் போய்த் தேடினேன். கால் மைலுக்கு அந்தப் பக்கம், கரும்புச் சக்கை கொட்டியிருந்த இடத்தில் செருப்பு கிடந்தது. அங்கிருந்து வீடு வரைக்கும் சரளைக்கல். அவ்வளவு தூரம் ஒருவர் வெறுங்காலோடு நடந்துவந்து அது தெரியாமல் இருந்திருக்கிறார் என்பது, செருப்பைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சிரிப்பு போய்விட்டது.

அவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினவர். இருபத்திரண்டு வருஷம் நின்றே வேலை. கம்பெனி மூடியபோது செட்டில்மென்ட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சுகர் இருப்பது வேலையில் இருந்தபோதே தெரியும். மாத்திரை போடுவார், கூடவே டீயில் இரண்டு கரண்டி சர்க்கரையும் போடுவார். எங்களுக்கு ஒரே மகள். ராயக்கோட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டோம். நான் ரோஜாப் பண்ணையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடியும் முன்னால் வேன் வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் பூ அறுத்து, காம்பு அளந்து, கட்டுக் கட்டி முடிக்க வேண்டும். எங்கள் லைன் வீடுகளுக்குள் செல்போன் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை.

செருப்பு விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், அவர் அரட்டிக் கேட்டபிறகு மெதுவாகச் சொன்னேன். எனக்கு வெளி மனிதர்கள் முன்னால் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். டாக்டர் இவரைப் படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிசான நைலான் நூலால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். இவர் பேசாமல் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தொடறப்ப சொல்லுங்க டாக்டர்" என்றார். டாக்டர் ஏழெட்டு இடம் தொட்டு முடித்திருந்தார்.

"இனிமே செருப்பு ஆகாது. ஓடுறவங்க போடுற ஷூ வாங்குங்க. ரன்னிங் ஷூ."

"இந்த வயசுல நான் எங்கீங்க ஓடப்போறேன்?"

"நீங்க ஓட வேணாம். உங்க காலுக்கு அந்த மெத்தை வேணும், அந்தப் பிடிமானம் வேணும்."

அப்புறம் என்னைப் பார்த்து வரிசையாகச் சொன்னார். குதிகால் பக்கம் விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது, கெட்டியாக நிற்க வேண்டும். ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வாங்காதீர்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விட வேண்டும். அகலம் ரொம்ப முக்கியம், சுண்டுவிரல் பக்கம் நெருக்கக் கூடாது. சாயங்காலமாகப் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். உட்கார்ந்து பார்க்கக் கூடாது, எழுந்து நின்று பார்க்க வேண்டும். தினமும் ராத்திரி இரண்டு காலையும் விரலிடுக்கு வரைக்கும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று சொன்னார். "ஷூ போட்டதும் இவர் நல்லா இருக்குன்னு சொல்வார். நம்பாதீங்கம்மா. இவருக்குத் தெரியாது. உங்க கைக்குத்தான் தெரியும்."

எல்லாம் என் மனசில் அப்படியே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. மறந்ததால் நடந்த தப்பு என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

பண்ணையில் எனக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. அன்று சாயங்காலம் ஓசூர் பஜாரில் கால் வைக்க இடம் இருக்காது. மூன்று ஷிப்டுக் கூட்டமும் அன்றைக்குத்தான் கடைக்கு வரும். அத்தனை பேர் நடுவில் ஷூவை மடக்கிப் பார்ப்பதையும், இவர் காலடியில் உட்கார்ந்து அழுத்திப் பார்ப்பதையும் நினைத்தபோதே எனக்கு உடம்பு கூசியது. "காலையில போயிட்டு வந்துடலாங்க, கூட்டம் இருக்காது" என்றேன். டாக்டர் சொன்னதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. அவருக்கும் காலைதான் வசதி.

கடை திறந்த கையோடு போய்விட்டோம். கடைக்காரர் கன்னடக்காரர். ஊதுவத்தி கொளுத்திக்கொண்டே, "பன்னி பன்னி, வாங்க, உக்காருங்க" என்றார். "எந்த நம்பர் சார்?"

"எட்டு" என்றார் இவர், கம்பெனியில் டோக்கன் நம்பர் சொல்வதுபோல.

"எதுக்கும் ஒருதரம் அளந்து பாத்துடலாமா?" அவர் ஓர் இரும்பு அளவுப் பலகையை எடுத்தார்.

"எதுக்கு அளக்கறது? இருபத்திரண்டு வருசம் சேஃப்டி ஷூ எட்டுதான். ஸ்டோர்ல என் பேருக்கு நேரா எட்டுன்னு எழுதியே வெச்சிருந்தான்."

"வயசானா கால் அகலம் ஆகும் சார்."

"அப்ப இனிமே பள்ளிக்கூடப் பையன் மாதிரி வருசா வருசம் வாங்கணுமா?" என்று சிரித்தார். பலகை திரும்ப அடியில் போய்விட்டது.

ஆனாலும் கடைக்காரர் எட்டும் கொண்டுவந்தார், ஒன்பதும் கொண்டுவந்தார். ஒன்பதைப் போட்டதும் இவர் முகம் சுளித்தார். "போட்டதே தெரியல. தொளதொளன்னு இருக்குது." எட்டைப் போட்டதும் முகம் தெளிந்தது. "இதான். கால்ல ஷூ இருக்குதுன்னு தெரியுது பாரு."

எட்டில் இரண்டு மாதிரி இருந்தன. ஒன்று கறுப்பு, முன்பக்கம் அகலமாக, தோணி மாதிரி. இன்னொன்று சாம்பல் நிறம், பக்கத்தில் நீலக்கோடு ஓடியது, ஒடிசலாக அழகாக இருந்தது. அவர் இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு."

முப்பது வருஷத்தில் அவர் போடுகிற எதையும் நான் சொல்லி வாங்கியதில்லை. வேட்டி, சட்டை எல்லாம் அவர்தான் எடுப்பார். என் சேலையும் அவர்தான் எடுப்பார். நான் சாம்பல் நிறத்தைக் கைகாட்டினேன்.

அப்போது ஆண்கள் இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். கம்பெனி பேண்ட் சட்டையில், நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் போல இருந்தது. ஒருவர் எங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். நான் சட்டென்று குனிந்து, முந்தானையால் மறைத்தமாதிரி வைத்துக்கொண்டு, ஷூவின் நுனியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். இடம் இருந்தமாதிரி இருந்தது. பக்கவாட்டில் அழுத்தவில்லை. அவர் உட்கார்ந்துதான் இருந்தார். ‘எழுந்து நில்லுங்க’ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டு வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. எதிரில் இருந்த ஆள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. நான் எழுந்துவிட்டேன்.

கடைக்காரர்தான் "எழுந்து நடங்க சார்" என்றார். இவர் கண்ணாடி வரைக்கும் போய்வந்தார். "ஜோரா இருக்குது" என்றார். நடக்கிறவர் காலை நான் எப்படித் தொட்டுப் பார்ப்பது? டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

அடுத்த இரண்டு நாள் பண்ணையில் பூ அறுக்க ஆள் பற்றவில்லை, இருட்டோடு போய்விட்டேன். மூன்றாம் நாள் வேன் ரிப்பேர். நான் வீட்டில் இருந்தபோது அவர் நடந்துவிட்டு வந்தார். வாசல்படியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். நான் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "ஷூ எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"புடிக்குது" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து என் சமையலை அவர் நன்றாக இல்லை என்று சொன்னதில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. தட்டு காலியாகிவிடும், அதுதான் சான்றிதழ். நான் கைகாட்டி வாங்கிய ஒரு சாமானை அவர் வாய்திறந்து பிடிக்கிறது என்கிறார். டம்ளரை வாங்காமலே உள்ளே வந்துவிட்டேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். வாசலில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி, "இந்தா" என்றது கேட்டது. "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

அன்றைக்கு எதிர்வீட்டு அம்மாவிடம்கூட, "அவருக்கு ஷூ ரொம்பப் பிடிச்சிருக்குதாம்" என்று நானாகப் போய்ச் சொன்னேன். "பொண்டாட்டி செலக்சன்னா சும்மாவா" என்றாள் அவள். அவர் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ராத்திரி கால் பார்ப்பதை நான் விடவில்லை. பல்பு வெளிச்சத்தில் பாயில் உட்கார்ந்து, அவர் பாதத்தை என் மடியில் வைத்துப் பார்ப்பேன். "பாதபூஜை நடக்குது" என்று கிண்டல் செய்வார். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. சுண்டுவிரல் ஓரம் கொஞ்சம் சிவந்திருந்ததைப் பார்த்தேன். "புது ஷூன்னா அப்படித்தான்" என்றார். அதற்கப்புறம் ஒரு நாள், "விடிய முன்னாடி எந்திரிக்கறவ, போய்ப் படு. என் காலை நானே பாத்துக்கறேன்" என்றார். எனக்கு இடுப்பு விட்டுப்போகும் வேலை. பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே சொல்கிறார். சரி என்று படுத்துவிட்டேன்.

அதே வாரம்தான் சாக்ஸை அவரே துவைத்துக் காயப்போட ஆரம்பித்தார். நான் பண்ணையிலிருந்து வரும்போது கொடியில் இரண்டு சாக்ஸும் சுத்தமாகத் தொங்கும். வேலை இல்லாத மனிதர், நமக்கு ஒத்தாசை பண்ணுகிறார் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

பூச்சி மருந்து அடித்த ரோஜாவோடு நாள் முழுக்க இருந்தால் மூக்கில் வேறு வாசனை ஏறாது. வீட்டுக்குள் ஒரு வாடை வந்ததை முதலில் கண்டுபிடித்தது மகள்தான். ராயக்கோட்டையிலிருந்து தக்காளி எடுத்துக்கொண்டு வந்தவள், நுழைந்ததும், "எலி ஏதாச்சும் செத்துக் கிடக்குதாம்மா?" என்றாள். இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் எல்லாம் தேடினோம். அவர் போர்வைக்குள் காலை வைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பட்டப்பகல். உடம்பு கொதித்தது. மகள் போர்வையைத் தூக்கினாள்.

வலது சுண்டுவிரல் கறுத்திருந்தது. பக்கத்தில் சதை வெந்தமாதிரி இருந்தது. அதைக்கூடச் சொல்லத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை.

"ஏம்ப்பா சொல்லல?" என்று மகள் அழுதாள்.

"வலிக்கலையேம்மா. வலிக்காத புண்ணு என்ன புண்ணு?" என்றார். அவர் அதை நிஜமாகவே நம்பியிருந்தார். பிரஸ் மிஷினில் கை நசுங்கியவர்களைப் பார்த்த மனிதர். அவர் கணக்கில் கத்தினால்தான் காயம்.

பெங்களூருக்குக் கொண்டுபோனோம். முதலில் விரலை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, ஏறிவிட்டது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் எடுத்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன காகிதத்தில் என்ன இருந்தது என்று மகள்தான் படித்துச் சொன்னாள். என் பெயரை எழுத எனக்கு எவ்வளவோ நேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம். மகள் சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அன்னிக்கு நீ கேட்டியே, ஷூ எப்படி இருக்குதுன்னு."

"ஆமாங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"புடிக்குதுன்னு சொன்னீங்க."

"சுண்டுவிரல் பக்கம் புடிக்குதுன்னு சொன்னேன் புள்ள. சட்டை அக்குள்ல புடிக்குதுன்னு சொல்வோமில்ல, அந்த மாதிரி. வலியில்ல, எங்கயோ தூரத்துல யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருந்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன். நீ அதுக்குள்ள சிரிச்சுட்ட."

கொஞ்ச நேரம் அந்த வார்த்தை எந்தப் பக்கம் திரும்பியது என்றே புரியவில்லை. புரிந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமில்ல?"

"கூப்புட்டேன். நீ உள்ளாற சிரிச்சுக்கிட்டு நின்னது தெரிஞ்சுது. கல்யாணத்தன்னிக்குக்கூட நீ அப்படிச் சிரிச்சதில்ல. அதுல போயி இறுக்குது, மாத்திக் குடுன்னு எப்படிச் சொல்றது? பழகப் பழகச் சரியாயிடும்னு நெனச்சேன்."

"பைத்தியக்காரரா நீங்க?" என்றேன். அவரை நான் அப்படிப் பேசியது அது ஒருதரம்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமே வரவில்லை. எங்கே போயிருந்தது அந்தக் கூச்சம் என்று தெரியவில்லை, கடையில் அது போயிருக்க வேண்டும்.

"ஆமா" என்றார் அவர்.

சாக்ஸில் ஈரம் பார்த்த அன்றைக்கு அவருக்கே பயம் வந்ததாம். என்னிடம் காட்டினால், நான் தேர்ந்தெடுத்ததால் வந்தது என்று நினைத்து நொந்துபோவேன் என்று துவைத்துப் போட்டாராம். நொந்துபோவேன்தான். கால் இருக்கும்போது நொந்துபோயிருப்பேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, மிச்சம் இருக்கிற கால்தான் இனிமேல் முழுப் பாரமும் தாங்கப்போகிறது, அதற்கு ஒழுங்கான ஷூ கட்டாயம் என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் எதிர்வீட்டு அம்மாவும் அவரைத் தூக்கி நிறுத்தினோம். தரையில் பேப்பரை விரித்து, ஒற்றைக்காலை அதில் ஊன்றி, அவர் என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு நிற்க, அந்த அம்மா பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். சாயங்கால வேளை. "ஆடாத அண்ணா, அப்புறம் உன் கால் மாநில மேப் மாதிரி வந்துரும்" என்றாள். அவர் சிரித்தது என் தோளில் தெரிந்தது.

அந்தப் பேப்பரோடு தனியாகக் கடைக்குப் போனேன். பழைய கடைக்குப் போக மனசு வரவில்லை, வேறு கடை. கூட்டம் நெரித்தது. ஷூவைப் பேப்பர்மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு கையாலும் மடக்கினேன். குதிகாலை அழுத்தினேன். உள்ளே நுனி வரைக்கும் கையை விட்டு, தையல் எங்காவது துருத்துகிறதா என்று தடவினேன். ஒன்பது சரியாக இருந்தது. ஒன்பதிலேயே அகல மாதிரி கொடுங்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. கடையில் இருந்த ஆள் பொறுமையான ஆள். எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். பில் போடும்போது என் பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஒரு காலுக்குத்தான் அளவு எடுத்திருக்கீங்க. யாருக்கும் ரெண்டு காலும் ஒரே அளவா இருக்காதும்மா. வீட்ல ரெண்டு காலும் போட்டு நிக்கச் சொல்லிப் பாருங்க. எது பெரிய காலோ அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தித் தர்றேன்" என்றார்.

நல்லதுக்குத்தான் சொன்னார்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவரை ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கவைத்து, இடது காலில் போட்டுவிட்டேன். கயிறு கட்டினேன். முன்னால் கட்டைவிரல் வைத்துப் பார்த்தேன். இடம் இருந்தது. சுண்டுவிரல் பக்கம் தடவினேன். அங்கேயும் இருந்தது. டாக்டர் சொன்ன அத்தனையும் இருந்தது.

"எப்படி இருக்குதுங்க?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். எந்த வார்த்தை சொல்வது என்றுதான் யோசித்தார் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணுமே தெரியல" என்றார்.

"அப்ப சரியா இருக்குது."

"இப்படி ஒண்ணும் தெரியாம இருக்கறதுதான் சரியா?"

"ஆமாங்க."

"இது தெரியாமப் போச்சே" என்றார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, "அவுத்துடு, போதும்" என்றார்.

கட்டைக்கால் வைக்க அளவெடுக்க வரச்சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்றே தள்ளினார். மழைக்காலம் வந்தது. காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பாடை தூக்குவதற்கு முன்னால் மகள் அந்த ஷூ டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, கூட வைத்து அனுப்பலாமா என்று கேட்டாள். நான் திறந்து பார்த்தேன். வலதுகால் ஷூ, சுற்றிவந்த காகிதத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை. இடதுகால் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் துளி மண் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.